அந்தக் கதவைத் திறக்க ஆள் வேண்டும்

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு, பதினொன்றரை மணி இருக்கும், எங்கள் சங்க அலுவலகத்துக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒரு பையனும் ஒரு பெண்ணும். இரண்டு பேரும் முழுக்க நனைந்திருந்தார்கள். பெண்ணின் கையில் ஒரு கட்டைப்பை. பிறகு அதைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டி.சி., ஆதார் அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கு, மாற்று உடை ஒன்று. அவ்வளவுதான் அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்தது. பையன்தான் பேசினான்: “அண்ணாச்சி, ஒரு ராத்திரி மட்டும் இங்க தங்கிக்கிடலாமா? விடிஞ்சதும் போயிருதோம்.”

வருகிற வழியில் மூன்று வீட்டுக் கதவுகளைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். மூன்று வீட்டிலும் நல்ல மனிதர்கள்தான். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் இருநூறு ரூபாயைக் கையில் திணித்தார். மூன்றாமவர் சன்னலைப் பாதி திறந்து, சீக்கிரம் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று புத்தி சொன்னார். படுக்க இடம் கொடுக்க மட்டும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

சுதந்திரம் என்ற சொல்லை எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அதன் நீள அகலம் அன்று இரவுதான் எனக்குத் தெரிந்தது. பத்துக்குப் பத்து அறை, உள்பக்கம் சரியாக விழுகிற ஒரு தாழ்ப்பாள், ஒரு பாய், வாசலில் விழித்திருக்க இரண்டு தோழர்கள். இது கிடைத்தால் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் அடிப்படை உரிமை காலைவரை உயிரோடு இருக்கும். இது கிடைக்காவிட்டால் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு மழையில் நின்றுகொண்டிருக்கும்.

இந்த ஒரு கதவைப் பற்றிப் பேசத்தான் உங்களை அழைக்கிறேன்.

2024 ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். சாதி கடந்து காதலித்த இரண்டு பேருக்கு மார்க்சிஸ்ட் கட்சியின் மாவட்ட அலுவலகத்தில் திருமணம் செய்து வைத்தார்கள். பெண்ணின் உறவினர்களும் அவர்களோடு வந்தவர்களும் உள்ளே புகுந்து கண்ணாடிகளையும் நாற்காலிகளையும் உடைத்தார்கள். ஒரு கல்யாணம் நடந்ததற்காக ஒரு கட்சி அலுவலகம் நொறுக்கப்பட்டது. 2025 ஜூலையில் அதே ஊரில் மென்பொருள் துறையில் வேலை பார்த்த ஒரு தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண் வேறு சாதி என்பதைத் தவிர அவர்மேல் வேறு குற்றமில்லை. அடுத்த மாதம், அந்தக் கட்சியின் மாநிலச் செயலாளர் அதே நெல்லையில் நின்று, எங்கள் அலுவலகங்கள் எல்லாம் சாதி மறுப்புத் திருமணங்களுக்காகத் திறந்திருக்கும் என்று அறிவித்தார். பலர் அதைக் கேலி செய்தார்கள். கட்சி அலுவலகம் என்ன கல்யாண மண்டபமா என்று கேட்டார்கள். அந்த அறிவிப்பை ஒரு கட்சியோடு நிறுத்திவிட முடியாது. சாதி ஒழிப்பு என்று கொடியில் எழுதியிருக்கிற ஒவ்வொரு இயக்கத்துக்கும், சங்கத்துக்கும், வாசகர் வட்டத்துக்கும் அதே கடமை இருக்கிறது.

முதலில் நம் வாய்ச் சொற்களைக் கவனியுங்கள். ஒரு பையன் சொந்த விருப்பத்தில் மணந்தால் “கல்யாணம் பண்ணிக்கிட்டான்” என்கிறோம். அதையே ஒரு பெண் செய்தால் “ஓடிப்போயிட்டா.” வயது வந்த ஒரு மனுஷி தன் காலால் நடந்து பேருந்து ஏறிப் போனதற்குப் பெயர் ஓட்டம். பெண் கொடுக்கிறோம், பெண் எடுக்கிறோம், சம்பந்திகளைக் கொண்டான் கொடுத்தான் என்கிறோம். கொடுப்பதும் எடுப்பதும் பொருளை. ஆளைக் கொடுக்க முடியாது. இந்தச் சொற்களை நாம் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை என்பதுதான் வேதனை. தாய்ப்பாலோடு வந்த மொழியில் பெண் ஒரு கைமாறும் பண்டமாக இருக்கிறாள். பண்டம் தானாக நடந்து போனால் உடைமைக்காரனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

ஆனால் சொற்கள் மாறக்கூடியவை. நேற்றுவரை பத்திரிகைகள் கௌரவக் கொலை என்று எழுதின. கொன்றவனுக்குக் கௌரவத்தைக் கொடுத்த சொல் அது. இந்த மண்ணின் இயக்கங்கள் விடாமல் வாதாடி அதை ஆணவக் கொலை என்று மாற்றின. இன்று செய்தி வாசிப்பவரும் அப்படித்தான் சொல்கிறார். ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டோம். மற்ற சொற்களையும் பிடுங்க முடியும்.

தத்துவம் பேச இது நேரமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் எதிரியிடம் ஒரு தத்துவம் இருக்கிறது. மனிதர் தனக்கு உரியவர் இல்லை, குடும்பத்துக்கு உரியவர், குடும்பம் சாதிக்கு உரியது என்பது அந்தத் தத்துவம். அது திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் தினமும் போதிக்கப்படுகிறது.

1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் ‘சுதந்திரம் பற்றி’ என்ற தன் நூலில் ஒரு முக்கியமான இடத்தைத் தொட்டார். அரசனுடைய கொடுமையைவிடச் சமூகத்தின் கொடுமை ஆழமாகப் பாயும், ஏனென்றால் அதற்குச் சிறைச்சாலையும் அதிகாரிகளும் தேவையில்லை, அது வீட்டுக்குள்ளேயே வந்து ஆளும் என்றார். பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவருடைய வாழ்வில் சமூகம் பலவந்தமாகத் தலையிடக் கூடாது என்பது அவர் போட்ட எல்லைக்கோடு. 1851இல் ஹாரியட் டெய்லரை மணக்கும் முன், கணவன் என்ற முறையில் சட்டம் தனக்குத் தருகிற அதிகாரங்களை ஏற்க மறுப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டவர் அவர். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த அதே மில், இந்தச் சுதந்திரம் எல்லாம் முதிர்ச்சி பெற்ற சமூகங்களுக்குத்தான், பின்தங்கிய சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அந்த நூலிலேயே விலக்கு எழுதி வைத்தார். அந்த விலக்கில் நாமும் அடங்குவோம். சுதந்திரத்தை யாரும் நமக்குத் தட்டில் வைத்துத் தரவில்லை என்பதை மறக்க வேண்டாம். அந்த விலக்கை உடைத்துச் சுதந்திரத்தை நமக்கு உரியதாக்கியவர்கள் நம்மவர்கள்.

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்புச் சங்கம் அம்பேத்கரைத் தலைமையுரை ஆற்ற அழைத்தது. எழுதிய உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுப் பயந்து, மாநாட்டையே கைவிட்டது. பேசாத அந்த உரையை அம்பேத்கர் தன் செலவில் அச்சிட்டார். விரைவிலேயே ‘குடி அரசு’ அதைத் தமிழில் கொண்டு வந்தது. அதில் அவர் அடிமைத்தனத்துக்குச் சொல்கிற விளக்கத்தை ஒவ்வொரு தோழரும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் ஒருவரை அடிமை என்று அறிவித்தால்தான் அடிமை என்று இல்லை, தன் வாழ்வு எதற்காக என்பதை இன்னொருவர் தீர்மானிக்க, அதற்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டிய நிலையில் யார் இருந்தாலும் அவர் அடிமைதான் என்பது அதன் சாரம். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் தெருவுக்கு வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்த ஊரில் வேலை, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, செல்பேசியில் பூட்டு உண்டா இல்லையா, கடைசியில் யாரோடு வாழ்வது, எல்லாவற்றையும் வேறொருவர் முடிவு செய்கிற எத்தனை பட்டதாரிப் பெண்கள் நம் தெருவில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சம்பளம் வாங்குகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள், அம்பேத்கரின் அளவுகோலில் அடிமைகளாக இருக்கிறார்கள்.

சாதிக்கு மருந்து கலப்பு மணம்தான் என்றும் அவர் அந்த உரையில்தான் சொன்னார். சேர்ந்து உண்பதால் சாதி கரையாது, இரத்தம் கலந்து உறவு முளைத்தால்தான் கரையும் என்பது அவருடைய வாதம். அதனால்தான் சாதி இந்த இடத்தில் மட்டும் கத்தியை எடுக்கிறது. ஒரே பேருந்தில் போகலாம், ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கலாம், ஒரே கட்சியில்கூட இருக்கலாம். மணம் என்று வந்துவிட்டால் மட்டும் அரிவாள். தன் உயிர்நிலை எது என்பது சாதிக்கு நன்றாகத் தெரியும். அது நமக்கும் தெரிய வேண்டும்.

நம் சுயமரியாதை இயக்கத்துக்குத் தெரிந்திருந்தது. 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத முதல் திருமணம் நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமையும் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கேட்டது. 1953இல் உயர்நீதிமன்றம் இத்தகைய திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, ஆயிரக்கணக்கான தம்பதிகள் ஒரே நாளில் சட்டத்தின் பார்வையில் அந்நியர் ஆனார்கள். அப்போதும் மக்கள் நிறுத்தவில்லை. சட்டம் செல்லாது என்ற திருமணத்தைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து செய்தார்கள். 1967இல் அண்ணா முதல்வரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், புரிகிற மொழியில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும். முன்பு நடந்த மணங்களும் செல்லுபடியாயின. அதே 1967இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையரும் கறுப்பரும் மணந்தால் குற்றம் என்ற சட்டங்களைப் பதினாறு மாநிலங்களில் செல்லாததாக்கியது. நாம் உலகத்துக்குப் பின்னால் நடந்தவர்கள் இல்லை, தோழர்களே. அன்று அதற்குச் சமமாக நடந்தோம்.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். அதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. “பெத்து வளர்த்தவங்களுக்கு உரிமை இல்லையா? இருபது வருஷப் பாசத்தை ரெண்டு மாசப் பழக்கத்துக்காகத் தூக்கி எறியலாமா?” இதைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கொலைகாரர்கள் இல்லை. வயல் வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்த அம்மாக்கள். அவர்களுடைய கண்ணீர் பொய்யில்லை. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் கண்ணீருக்கு அழுகிற உரிமை உண்டு, தடுக்கிற உரிமை கிடையாது. புத்தி சொல்லலாம், சண்டை போடலாம், கல்யாணத்துக்கு வராமல் இருக்கலாம், ஆயுளுக்கும் பேசாமல்கூட இருக்கலாம். அறையில் பூட்டும்போது, செல்பேசியைப் பிடுங்கும்போது, மருந்துக் குப்பியைக் காட்டி மிரட்டும்போது அங்கே பாசம் முடிந்து உடைமை தொடங்குகிறது. இன்னொன்றையும் கேளுங்கள்: அதே பையன் சொந்தச் சாதியாக இருந்திருந்தால் அந்த இரண்டு மாதப் பழக்கத்துக்கு என்ன பெயர்? மனப்பொருத்தம்.

நாடகக் காதல் என்ற சொல்லை ஒரு காலத்தில் மேடைமேடையாகப் பரப்பினார்கள். தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மயக்குகிறார்கள் என்றார்கள். அந்தப் பேச்சு புழங்கிய காலத்தில் என்ன நடந்தது? 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஒரு திருமணத்துக்காக மூன்று ஊர். அந்தச் சொல்லில் அவமானப்பட்டது இளைஞர்கள் மட்டுமா? தங்கள் மனதுக்கு யாரைப் பிடிக்கும் என்று முடிவு செய்யத் தெரியாத மந்தபுத்திக்காரர்களாக நம் பெண்களைச் சித்திரித்த சொல் அது. சாதி, தன் சொந்தப் பெண்களையே எவ்வளவு கேவலமாக மதிக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். உச்ச நீதிமன்றம் சொல்லாதது எதுவுமில்லை. வயது வந்தவர்கள் விரும்பியவரை மணக்கலாம், அவர்களைத் தொல்லை செய்வோர்மேல் காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2006இல் லதா சிங் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுக சேர்வை வழக்கில் 2011இல் கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என்றது, தடுக்கத் தவறும் அதிகாரிகளை இடைநீக்கம் செய்யச் சொன்னது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 மார்ச் 27இல் சக்தி வாஹினி வழக்கில் விரிவான கட்டளைகள் வந்தன: மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் சேர்ந்த சிறப்புப் பிரிவு, இருபத்துநான்கு மணி நேர உதவி எண், தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், முடிந்தவரை ஆறு மாதத்தில் விசாரணை.

ஆறு மாதம். 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் ஓர் இளம் தம்பதியைப் பிடித்து, காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். பதினெட்டு ஆண்டுகள். தண்டனை பெற்ற பதின்மூன்று பேரில் காவல்துறையினரும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வர 2025 ஆகிவிட்டது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் கடைவீதியில், கேமராவின் கண்முன், ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். உடனிருந்த மனைவி வெட்டுக்காயங்களோடு பிழைத்து, தன்னைப் பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் ஆறு பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2020இல் உயர்நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. நான் தூக்குத் தண்டனையை ஆதரிப்பவன் இல்லை, அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். என் கேள்வி வேறு. கொலை நடந்த பிறகு என்ன தண்டனை என்று விவாதிக்கிற நாம், கொலைக்கு முன்னால் எங்கே இருந்தோம்?

அந்த முன்னால் என்ற இடத்தில்தான் சட்டம் வெறுமையாக இருக்கிறது. கொலைக்குப் பிரிவு உண்டு. பூட்டி வைப்பதற்கும், பேரம் பேசுவதற்கும், ஊரைக் கூட்டித் தள்ளி வைப்பதற்கும், பிரித்துக் கூட்டிப் போவதற்கும், இவை எல்லாம் ஒரே குற்றத்தின் படிகள் என்று பார்க்கிற தனிச் சட்டம் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலிருந்து இருக்கிறது. ஆனால் ஆதிக்க சாதிப் பெண்ணை அவள் வீட்டாரே கொன்றால் அந்தச் சட்டத்தில் அவளுக்கு இடமில்லை. இரண்டு இடைநிலைச் சாதிகளுக்குள் நடந்தாலும் இடமில்லை. சட்ட ஆணையம் 2012இலேயே தன் 242ஆவது அறிக்கையில் வரைவு எழுதிக் கொடுத்தது. 2019இல் ராஜஸ்தான் சட்டப்பேரவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 2025 அக்டோபரில் நம் சட்டப்பேரவையில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஓர் ஆணையம் அறிவிக்கப்பட்டது. வரவேற்றோம். அந்த ஆணையம் பிறந்ததே தெருவில் நின்று நாம் கேட்டதால்தான். எந்தப் பரிந்துரையும் சட்டமாகி, அந்தச் சட்டம் கடைசி காவல் நிலையத்தின் மேசைவரை வந்து சேரும்வரை நம் குரல் இறங்கக் கூடாது.

அந்த மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அந்த இருவரையும் ஒரு காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். பெண்ணைக் காணவில்லை என்ற புகார் அதற்குள் வந்திருந்தது. பெண்ணின் உறவினர்கள் இரண்டு வண்டியில் வெளியே நின்றார்கள். “பேசி முடிச்சிக்கிடலாம், எதுக்குத் தோழர் பெருசு பண்றீங்க?” என்று அங்கிருந்த காவல் அதிகாரி சொன்னார். அம்மாவிடம் அரை மணி நேரம் தனியறையில் பேசட்டும் என்றார். எத்தனை பெண்களின் வாழ்க்கை அந்த அரை மணி நேரத்தில் முடிந்திருக்கிறது என்பதை வழக்கறிஞர் தோழர்கள் அறிவார்கள். அம்மா காலில் விழுவார், மாமன் மிரட்டுவார், பெண் வெளியே வந்து “வீட்டோட போறேன்” என்று எழுதிக் கொடுப்பாள், கோப்பு மூடப்படும். நாங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: அவள் அம்மாவிடம் பேச விரும்பினால் பேசட்டும், ஆனால் எங்கள் பெண் வழக்கறிஞர் பக்கத்தில் இருப்பார். இதற்கே ஒன்றரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. அம்மா அழுதார். மகளும் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கைப்பட, தன் விருப்பத்தை எழுதிக் கொடுத்தாள். கை நடுங்கியது, எழுத்து நேராக இருந்தது.

அதோடு முடியவில்லை. நான்கு மாதம் கழித்து, அவர்கள் வேறு ஊரில் குடியேறிய பிறகு, தூது வந்தது. “ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டா போதும், அப்புறம் உங்க வழிக்கே வரமாட்டோம்.” என்ன பத்திரம் தெரியுமா? விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை விட்டுக் கொடுப்பதாக எழுதித் தருகிற ஆவணத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதுதான் பெயர். செங்கற்பட்டில் கேட்ட பங்கை, அறுபது ஆண்டு கழித்து 1989இல் தமிழ்நாடு அரசு மகள்களுக்குச் சட்டமாகத் தந்தது, 2005இல் நாடு முழுக்க வந்தது. அந்தப் பங்கை மகளிடமிருந்து திரும்பப் பிடுங்குகிற தாளுக்கு விடுதலை என்று பெயர் வைத்திருக்கிறது இந்தச் சமூகம். மானம், குலப்பெருமை என்று பேசப்படுவதற்கு அடியில் எப்போதும் நிலம் கிடக்கிறது. பெண் சாதியைத் தாண்டினால் வரப்பும் தாண்டிவிடும் என்ற பயம் கிடக்கிறது. அந்தப் பெண் கையெழுத்துப் போடவில்லை. போட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவுமில்லை, அவளாகவே முடிவெடுத்தாள்.

தோழர்களே, இனி கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டும்.

நம் வீடுகளில் நடந்த கல்யாணங்களின் அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். அட்டையில் தலைவர் படம், நல்ல தமிழில் வாழ்த்து, நல்ல நேரம் பார்க்கவில்லை என்ற பெருமை. மணமகன் வீடும் மணமகள் வீடும் ஒரே சாதி. நாட்டில் நடக்கிற திருமணங்களில் சாதி கடந்தவை நூற்றுக்கு ஐந்தாறுதான் என்று 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு காட்டுகிறது. அந்த மிச்சம் தொண்ணூற்று நான்கில் நம் இயக்கக் குடும்பங்கள் எத்தனை? என் அண்ணன் மகளின் திருமணத்தில் நான் முன்வரிசையில் நின்று வாழ்த்திப் பேசினேன். அந்தச் சம்பந்தம் எப்படி அமைந்தது, தரகரிடம் என்ன நிபந்தனை சொல்லப்பட்டது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் விரும்பினால் தடுக்க மாட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். தடுக்காமல் இருப்பது கொள்கை ஆகிவிடாது. வரன் தேடுகிறபோது சாதிக் கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் கொள்கை. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் “நீங்க என்ன ஆளுக?” என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பதுதான் கொள்கை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை, ஆனால் இன்றே தொடங்க வேண்டியவை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரவில் எடுக்கிற ஒரு தொலைபேசி எண் வேண்டும், அதை எடுக்கிற ஆளின் பெயர் எல்லாக் கல்லூரி விடுதிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் நள்ளிரவில் ஒரு பெண் முதலில் தேடுவது இன்னொரு பெண்ணின் குரலை. வழக்கறிஞர் தோழர்களே, 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உங்களுக்கு இருந்த தடையை நீக்கிவிட்டது. நண்பர் என்ற முறையில் நீங்கள் முன்னின்று சுயமரியாதைத் திருமணம் நடத்தி வைக்கலாம், ஊரறிய நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மதம் கடந்த தம்பதிகளுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்க வேண்டும். வேட்டைக்காரருக்கு முகவரி எழுதிக் கொடுக்கிற அந்த முப்பது நாளை எதிர்த்து வழக்காடுங்கள். 2021இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அது தம்பதிகளின் விருப்பத்தைப் பொறுத்தது என்று சொல்லியிருக்கிறது, அந்த வழியைப் பிடியுங்கள். ஆசிரியத் தோழர்களே, வகுப்பில் மாணவர் கையில் சாதிக் கயிற்றின் நிறத்தைக் கண்டால் பார்க்காததுபோல் போகாதீர்கள். சாதி கடந்து மணந்தவர்களுக்கு அரசு எட்டு கிராம் தங்கமும் தகுதிக்கேற்ப இருபத்தைந்தாயிரமோ ஐம்பதாயிரமோ தருகிறது. நல்லது. அந்தத் தங்கத்தை வாங்க அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். பாதுகாப்பு இல்லம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று ஆட்சியரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

நம்மை மிரட்டுவார்கள். கண்ணாடி உடையும். வண்டியை மறிப்பார்கள். சொந்தக்காரர்கள் போக்குவரத்தை நிறுத்துவார்கள். சில தோழர்களுக்கு வியாபாரம் படுக்கும், சிலர் தேர்தலில் வார்டைக்கூட இழப்பார்கள். இதை மறைத்து உங்களை அழைக்க நான் விரும்பவில்லை. அந்த மழை இரவில் நாங்களும் பயந்தோம். இருந்தும் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றியக் கூட்டத்தில் ஒரு தாள் சுற்றுக்கு வரும். உங்கள் பெயர், தொலைபேசி எண், வீட்டில் எத்தனை பேர் தங்க முடியும் என்ற மூன்று கட்டங்கள் அதில் இருக்கும். நிரப்பித் தாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் இன்றைக்கே பேசிவிட்டு வாருங்கள், அவர்களுடைய சம்மதமும் வேண்டும். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கோ ஓர் ஊரில் ஒரு பெண் தன் சான்றிதழ்களைக் கட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள்.